இரு மாநகரங்களும் ஒரு வான்வழியும்



இலண்டன் மாநகரத்துக்கும் பாரிஸ் மாநகரத்துக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? பூகோளப் பாடத்தில் இவ்வினா எழுந்தால் ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். நேர்வழியில் ஏறக்குறைய 344 கிலோமீட்டர். பழைய கணக்கில் 214 மைல். நேற்றும் அதுவே, இன்றும் அதுவே, நாளையும் அதுவே. ஆனால், ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. நாட்கணக்கு மணிக்கணக்காயிற்று; மணிக்கணக்கு நிமிடக்கணக்காகத் தேய்ந்தது. பிறகு ஒரு புதுமை நிகழ்ந்தது. விமானத்தின் வேகம் ஏறிக்கொண்டே போயினும் பயண நேரம் குறைய மறுத்துவிட்டது. இவ்வாறு ஏன் நிகழ்ந்தது? இடையில் மனிதர் எவற்றைக் கற்றனர்? எவற்றை இழந்தனர்? இவற்றைச் சிறிது ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், தொலைவு என்று நாம் சொல்வது எதை என்று தெளிந்துகொள்வோம். சமதளமான தாளில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி நேர்கோடு. பூமியோ உருண்டை. அதன் மேற்பரப்பில் நேர்கோடு ஏது? பள்ளியிலுள்ள பூகோள உருண்டையில் இலண்டன் மீது நூலின் ஒரு முனையையும், பாரிஸ் மீது மறு முனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் எவ்வழியே படிகிறதோ அவ்வழியே மிகக் குறுகிய வழி. அதைப் பெருவட்டத்தின் ஒரு பகுதி என்பர் கணித நூலார். பூமியைக் குடைந்து உண்மையான நேர்கோட்டிலேயே ஒரு சுரங்கம் தோண்டினால் எவ்வளவு தூரம் மிச்சமாகும் தெரியுமா? இவ்விரு நகரங்களைப் பொறுத்தவரை ஏறத்தாழ 42 மீட்டர்தான். ஆகவே இத்துணைச் சிறிய தொலைவில் பூமியின் வளைவு நம்மைப் பெரிதும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றுபவை காற்றும், மூடுபனியும், இரு நாட்டுக்கும் நடுவே கிடக்கும் கடலுமே ஆகும்.

இத்தொலைவை முதன்முதலாகத் துல்லியமாக அளந்த வரலாறே சுவையானது. 1783ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த ஒரு போர் முடிவுற்று உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் காசினி டி தூரி என்பார் ஒரு கோரிக்கையை ஆங்கிலேயருக்கு விடுத்தார். பாரிஸ் வானாய்வுக் கூடத்துக்கும் கிரீனிச் வானாய்வுக் கூடத்துக்கும் உள்ள நிலநேர்க்கோட்டு வேறுபாட்டையும் நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவு வேறுபாட்டையும் இரு நாட்டாரும் சேர்ந்து அளந்து ஐயம் தீர்க்கவேண்டும் என்பதே அக்கோரிக்கை. நேற்றுவரை பகைவராயிருந்தவர் விடுத்த வேண்டுகோள் என்று ஆங்கிலேயர் அதைத் தள்ளிவிடவில்லை. இராயல் சங்கத்தின் தலைவர் ஜோசப் பாங்க்ஸ் அதை வரவேற்றார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பொருளுதவி செய்தார். படைத்துறைப் பொறியாளர் வில்லியம் ராய் என்பார் அப்பணியை மேற்கொண்டார்.

1784ஆம் ஆண்டின் கோடையில் இலண்டனுக்கு மேற்கே உள்ள ஹவுன்ஸ்லோ என்னும் வெட்டவெளியில் ராய் தம் வேலையைத் தொடங்கினார். பெரிய தொலைவுகளைச் சங்கிலியால் நெடுக அளந்துகொண்டு போக இயலாது. ஒரே ஒரு கோட்டை மட்டும் மிக நுட்பமாக அளந்துகொண்டு, அதை ஒரு பக்கமாகக் கொண்டு முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோணங்களை அளந்தால், மற்றைத் தொலைவுகள் எல்லாம் கணக்கிலேயே கிடைத்துவிடும். அந்த முதற்கோட்டுக்கு அடிக்கோடு என்று பெயர். ராய் முதலில் மரக்கோல்களைக் கொண்டு அளந்தார். ஈரக்காற்றில் மரம் பருத்து நீண்டது, காய்ந்தால் சுருங்கியது. அவற்றை விலக்கிவிட்டு இருபதடி நீளமுள்ள கண்ணாடிக் குழல்களைச் செய்வித்து, மறுபடியும் தொடக்கத்திலிருந்து அளந்தார். கிடைத்த நீளம் 27,404 அடி. ஐந்து மைலுக்குச் சற்று மிகுதி. செய்த வேலையைத் தவறென்று கண்டதும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கும் மனவலிமை இருக்கிறதே, அதுவே ஆராய்ச்சியாளனின் முதற்பண்பு.

1787ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சு அறிஞர்கள் மூவர் டோவர் நகருக்கு வந்து ராயைச் சந்தித்தனர். காசினியின் மகன், மெஷேன், கணிதமேதை லெஜாந்தர் ஆகியோரே அம்மூவர். கோரிக்கை விடுத்த தந்தை காசினி அதற்குள் மறைந்துவிட்டார். இரு கரைகளிலும் இரவில் வெண்சுடர் விளக்குகள் ஏற்றப்பட்டன. இக்கரை விளக்கை அக்கரையினரும், அக்கரை விளக்கை இக்கரையினரும் நோக்கிக் கோணங்களை அளந்தனர். பல நூற்றாண்டுகளாகப் பகைவரின் கப்பலை எதிர்நோக்கி எரிந்த கரையோர விளக்குகள், அவ்விரவுகளில் அறிவின்பொருட்டு எரிந்தன.

ராய் கையாண்ட இம்முறை சில ஆண்டுகளில் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்பார் சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெருமுக்கோண அளவை அதிலிருந்தே விரிந்தது. இதில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். ஹவுன்ஸ்லோ அடிக்கோட்டின் ஒரு முனை இன்றைய ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. பரங்கிமலைக்குப் பக்கத்திலோ மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது. கோல் பிடித்து அளப்பதற்கு ஏற்ற சமவெளியே விமானம் ஓடி எழுவதற்கும் ஏற்ற சமவெளி என்பது இதனால் விளங்கும்.

ராய் தம் கருவிகளுக்காகக் காத்திருந்த காலத்திலேயே, அவர் அளக்கவிருந்த கடலை இருவர் வான்வழியே கடந்துவிட்டனர். 1785ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், பிரான்சு நாட்டுப் பிளான்ஷார் என்பாரும், அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் ஜெஃப்ரீஸ் என்பாரும் டோவரிலிருந்து வாயுக்கூண்டில் ஏறினர். கூண்டு நடுக்கடலில் தாழத் தொடங்கியது. சுமைக்காக வைத்திருந்த மணல் மூட்டைகளை எறிந்தனர், நங்கூரங்களை எறிந்தனர், இறுதியில் தாம் உடுத்தியிருந்த மேலாடைகளையும் கழற்றிக் கடலில் வீசினர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்குப் பின் பிரெஞ்சு நாட்டுக் காட்டு மரங்களிடையே குளிரில் நடுங்கியவாறு இறங்கினர். அதே ஆண்டு ஜூன் 15ஆம் நாள், எதிர்த் திசையில் கடக்க முயன்ற பிலாத்ர் டி ரோசியேரும் அவர் துணைவர் ரோமேனும் கூண்டு பழுதுற்று விழுந்து மாண்டனர். வான்வழி முதலில் வழங்கிய வெற்றியும் முதலில் கேட்ட விலையும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

காற்று அடிக்கும் திசையில் மட்டுமே செல்லும் கூண்டு பயணிகளுக்குப் பயன்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருமை நீராவிக்கே உரியது. அதற்கு முன் பாய்க்கப்பலை நம்பி வந்தவர்கள், எதிர்க்காற்று அடித்தால் டோவரிலோ கலேயிலோ நாட்கணக்கில் தங்கிக் காத்திருக்க வேண்டும். நீராவிக் கப்பல் அக்காத்திருப்பை ஒழித்தது. 1844இல் டோவருக்கும், 1848இல் கலேக்கும் இருப்புப்பாதை வந்துசேர்ந்தது. 1851இல் கடலடியில் தந்திக்கம்பி இடப்பட்டது. அன்றுமுதல் செய்தி நொடியில் கடந்தது. மனிதன்தான் மெல்லக் கடந்தான். 1929ஆம் ஆண்டில் 'பொன்னம்பு' என்னும் பெயர் தாங்கிய சிறப்பு வண்டியில் ஏறியவர், வண்டியும் கப்பலும் மீண்டும் வண்டியுமாக ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் இலண்டனிலிருந்து பாரிஸ் சென்றார். இந்த ஆறரை மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு கணக்கிற்கு இது வேண்டியிருக்கும்.

இனி விமானத்தின் கதைக்கு வருவோம். 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் விடியற்காலை, கலேக்கு அருகிலிருந்து லூயி பிளேரியோ தம் சிறிய விமானத்தில் புறப்பட்டார். காலில் தீப்புண், ஊன்றுகோல் கொண்டே நடந்து வந்தவர் அவர். விமானத்தில் திசைகாட்டி இல்லை. இயந்திரத்தின் ஆற்றல் 25 குதிரைத்திறன் மட்டுமே. இடையே சுமார் பத்து நிமிடம் எக்கரையும் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் ஏறத்தாழ 37 நிமிடத்தில் டோவர்க் கோட்டைக்கு அருகே இறங்கினார். ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்று அறிவித்திருந்த ஆயிரம் பவுன் பரிசு அவருக்குக் கிட்டியது. இங்கிலாந்து இனித் தீவன்று என்று அன்று பலர் பேசினர். கடலே தங்கள் மதில் என்று நம்பியிருந்த மக்களுக்கு அது மகிழ்ச்சியும் அச்சமும் கலந்த செய்தி.

கடலைக் கடப்பது வேறு. நகரிலிருந்து நகருக்குச் செல்வது வேறு. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் மாய்சான்ட் என்னும் அமெரிக்கர் தம் இயந்திர வல்லுநரையும் உடன் ஏற்றிக்கொண்டு பாரிஸிலிருந்து கிளம்பினார். மறுநாளே கடலைக் கடந்துவிட்டார். ஆனால் இங்கிலாந்து மண்ணில் இறங்கிய பிறகு பழுதும் காற்றும் மாறிமாறித் தடுக்க, இலண்டன் போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 6ஆம் நாளில். மூன்று வாரப் பயணம்! அவர் நடந்தே வந்திருந்தாலும் அதற்குள் வந்திருப்பார். எனினும் அவர் சலித்து விமானத்தைக் கைவிடவில்லை.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், பிளேரியோவின் பறக்கும் பள்ளியில் ஆசிரியராக இருந்த பியேர் பிரியே என்பார் இலண்டனின் ஹெண்டன் வெளியிலிருந்து எழுந்து, எங்கும் இறங்காமல், பாரிஸ் அருகேயுள்ள இஸ்ஸி வெளியில் இறங்கினார். ஆன நேரம் 3 மணி 56 நிமிடம். நேர்த்தொலைவைக் கொண்டு வகுத்தால் மணிக்கு 87 கிலோமீட்டர் வேகம். இரு தலைநகரங்களையும் ஒரே மூச்சில் இணைத்த முதற் பறப்பு அதுவே.

இங்கே கடிகாரத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். பயண நேரம் கணக்கிட வேண்டுமானால் புறப்பட்ட ஊரின் கடிகாரமும் சேர்ந்த ஊரின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டுமல்லவா? நெடுங்காலம் பாரிஸ் நேரம் கிரீனிச் நேரத்தைவிட 9 நிமிடம் 21 நொடி முந்தியிருந்தது. ராயும் காசினியும் விளக்கேற்றி அளந்த நிலநேர்க்கோட்டு வேறுபாட்டின் காலவடிவமே இது. 1911ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் பிரான்சு ஒரு சட்டம் இயற்றியது. அதில் கிரீனிச் என்னும் பெயரைச் சொல்ல மனமில்லை போலும்! 'பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 நொடி குறைத்ததே இனி நாட்டின் நேரம்' என்று விதித்தது. பிரியே பறந்தது அதற்கு அடுத்த மாதத்தில். எனவே அவர் புறப்பட்ட ஊரிலும் இறங்கிய ஊரிலும் ஒரே நேரம் நடந்தது. 1940இல் ஜெர்மானியர் பாரிஸைக் கைப்பற்றியபோது தங்கள் நாட்டு நேரத்தைப் புகுத்தினர். போர் முடிந்த பின்னும் பிரான்சு கிரீனிச்சுக்கு ஒரு மணி முந்திய நேரத்தையே வைத்துக்கொண்டது. இன்று இலண்டனில் பத்து மணிக்கு எழும் விமானம் பாரிஸில் பன்னிரண்டேகாலுக்கு இறங்குவதாகவும், பாரிஸில் பத்து மணிக்கு எழுவது இலண்டனில் பத்தேகாலுக்கே இறங்குவதாகவும் அட்டவணை காட்டும். இரண்டும் ஒன்றேகால் மணிப் பயணமே. அட்டவணையைப் படிக்குமுன் கடிகாரத்தின் வரலாற்றையும் படிக்கவேண்டும்.

முதல் உலகப்போர் விமானத்தை அழிவுக்கருவியாக வளர்த்தது. போர் முடிந்ததும் குண்டுவீச்சு விமானங்கள் பயணி விமானங்களாக உருமாறின. 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் காலை, ஹவுன்ஸ்லோ வெளியிலிருந்து பாரிஸ் அருகேயுள்ள லெ பூர்ழே நிலையத்துக்கு நாள்தோறும் செல்லும் பன்னாட்டு விமானப் போக்குவரத்து தொடங்கியது. ராய் கண்ணாடிக் குழல்களை அடுக்கி அளந்த அதே வெளிதான்! லாஃபோர்டு என்னும் விமானி ஓட்டிய முதல் விமானத்தில் இருந்த பயணி ஒருவரே. அவருடன் செய்தித்தாள்களும், தோலும், டெவன்ஷயர்ப் பாலாடையும், வேட்டைப் பறவைகளும் சென்றன. ஆன நேரம் இரண்டரை மணி. கட்டணம் 21 பவுன். அன்றைய உழைப்பாளி ஒருவன் பல வாரம் உழைத்துப் பெறும் பொருள் அது. ஆகவே வேகம் செல்வர்க்கே உரிய விருந்தாக இருந்தது.

அன்றைய விமானி வழியை எவ்வாறு கண்டுகொண்டார் என்று நீங்கள் கேட்கக்கூடும். கீழே தெரியும் இருப்புப்பாதையே அவருக்கு வழிகாட்டி. தெற்கு இங்கிலாந்தில் டன்பிரிட்ஜிலிருந்து ஆஷ்ஃபோர்டு வரை இருப்புப்பாதை கோல் பிடித்ததுபோல் நேராகச் செல்லும். அதைப் பின்பற்றிக் கடற்கரை சேர்வார். கடலுக்கு அப்பால் அபவீல், போவே ஆகிய ஊர்களை அடையாளமாகக் கொண்டு பாதைகளின் மேலாகவே பறந்து பாரிஸ் சேர்வார். விமானிக்கு ஊர் தெரிவதற்காகப் புகைவண்டி நிலையக் கூரைகளில் பெரிய எழுத்தில் பெயர் எழுதிவைத்தனர். வானத்தில் பறந்தாலும் அவர் கண் மண்ணையே நம்பியிருந்தது. மூடுபனி இறங்கினால் தாழப் பறக்கவேண்டும். மண் தெரியாவிட்டால் வழி தெரியாது.

இங்கேதான் ஒரு பெருந்துயரம் காத்திருந்தது. 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், இலண்டனின் கிராய்டன் நிலையத்திலிருந்து அஞ்சல் ஏற்றிய ஆங்கில விமானம் ஒன்று தெற்கே வந்துகொண்டிருந்தது. லெ பூர்ழேயிலிருந்து பயணிகள் மூவரை ஏற்றிய பிரெஞ்சு விமானம் வடக்கே போய்க்கொண்டிருந்தது. வடபிரான்சில் பிக்கார்டி நாட்டுப்புறத்தின்மேல் மூடுபனி. இருவரும் தாழப் பறந்தனர். இருவரும் ஒரே தடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தனர். ஒருவர் வருவதை மற்றவர் அறியவில்லை. இரண்டும் நேருக்கு நேர் மோதின. இரு விமானங்களிலும் இருந்த எழுவரும் மாண்டனர். பயணி விமானங்கள் இரண்டு வானில் மோதியது உலகில் அதுவே முதன்முறை.

சற்றே எண்ணிப் பாருங்கள். இவ்விருவருள் தவறு செய்தவர் யார்? எவரும் விதியை மீறவில்லை. மீறுவதற்கு அங்கே விதியே இல்லை! தரையில் ஆங்கிலேயர் சாலையின் இடப்புறம் செல்வர். பிரெஞ்சுக்காரர் வலப்புறம் செல்வர். வானம் யாருடைய வழக்கத்தைப் பின்பற்றும்? எல்லையற்று விரிந்த வானத்தில் எதிரே ஒருவர் வருவார் என்று கருதிய பேர் சிலரே. வானம் அகன்றது, வழியோ ஒற்றையடிப் பாதைபோல் குறுகியது. அதை அறிவிக்க ஏழு உயிர்கள் போகவேண்டியிருந்தது.

அதன்பின் இரு நாட்டாரும் அமர்ந்து ஆராய்ந்தனர். வழித்தடத்தின் வலப்புறமாகவே பறத்தல் வேண்டும் என்று வரையறுத்தனர். பயணி விமானங்களில் கம்பியில்லாத் தந்திக் கருவி வேண்டும் என்னும் கருத்து வலுத்தது. கிராய்டனில் 1920 முதலே ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம் இருந்தது. அங்கிருந்தோர் வானில் உள்ள விமானிகளோடு பேசி, அவர்கள் இருக்கும் இடத்தைக் கணித்துச் சொல்லும் கலையை வளர்த்தனர். இன்று உலகெங்கும் விமானங்களை நெறிப்படுத்தும் பெரிய அமைப்புக்கு இந்த 344 கிலோமீட்டர் வழியே ஒரு தொட்டில் எனலாம்.

அக்காலத்து நினைவுச்சின்னம் ஒன்று இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. விமானம் பேரிடரில் சிக்கும்போது விமானி மும்முறை கூவும் 'மேடே' என்னும் சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1920களில் கிராய்டனில் வானொலித் தலைமை அலுவலராக இருந்த மாக்ஃபோர்டு என்பாரிடம், இடுக்கண் உற்றபோது கூறத்தக்க சொல் ஒன்றை ஆக்கித் தருமாறு கேட்டனர். கிராய்டனுக்கு வரும் விமானங்களுள் பெரும்பாலானவை லெ பூர்ழேயிலிருந்து வருவன. ஆகவே இரு மொழியினர் காதுக்கும் எளிதில் விளங்கவேண்டும் என்று கருதி, 'எனக்கு உதவுங்கள்' என்னும் பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை அவர் தேர்ந்தார். 1927ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு அச்சொல்லை ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலேயர் ஒருவர் எடுத்தாள, உலகமே இன்று அச்சொல்லால் உதவி கேட்கிறது.

பின்வந்த ஆண்டுகளில் விமானங்கள் பெருத்தன. 1924இல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் தோன்றியது. 1927இல் வானிலேயே நண்பகல் உணவு பரிமாறும் பயணம் தொடங்கியது. 1931இல் வந்த நான்கு இயந்திர விமானத்தில் 38 பேர் அமரலாம். ஆனால் அதன் வேகம் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர்தான். காற்றில்லா நாளில் 344 கிலோமீட்டரைக் கடக்க இரண்டு மணி 9 நிமிடம் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் வேகம் 110ஆகக் குறைந்து, மூன்று மணி 8 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னின்று தள்ளினால் ஒரு மணி 38 நிமிடமே. மெல்லச் செல்லும் விமானத்துக்குக் காற்றே பாதி எசமானன் என்பது இக்கணக்கால் விளங்கும்.

1950ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் இன்னொரு மைல்கல். இலண்டனின் நார்த்தோல்ட் நிலையத்திலிருந்து லெ பூர்ழேக்கு வைக்கவுண்ட் என்னும் விமானம் கட்டணம் செலுத்திய பயணிகளுடன் பறந்தது. சுழலி இயந்திரம் பூண்ட விமானம் ஒன்று உலகில் முதன்முதலாகப் பயணிகளுக்கென அட்டவணைப்படி பறந்தது அன்றுதான். ஆன நேரம் ஏறத்தாழ ஒரு மணி. முதற் பறப்பின் நான்கு மணி, நாற்பதாண்டில் ஒரு மணியாகச் சுருங்கியது.

அதன்பின் தாரை விமானங்கள் வந்தன. வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் ஆயிற்று. பயண நேரம் அரைமணி ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. இன்று ஹீத்ரோவிலிருந்து பாரிஸின் சார்ல் டி கோல் நிலையத்துக்கு உள்ள தொலைவு 348 கிலோமீட்டர். அட்டவணையில் குறித்த நேரமோ ஒன்றேகால் மணியளவு. காரணம் எளிது. இத்தொலைவு முழுவதையும் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 42 நிமிடம். 800 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 26 நிமிடம். மிச்சமாவது 16 நிமிடமே. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், வரிசையில் நிற்கவும், மேலே ஏறவும், கீழே இறங்கவும், இறங்க இடம் கிடைக்கும்வரை வட்டமிடவும் ஆகும் நேரம் அந்த மிச்சத்தை விழுங்கிவிடுகிறது.

இன்னும் ஒன்று. பயணி விமான நிலையத்தில் வாழ்வதில்லை, நகரத்தில் வாழ்கிறான். பாரிஸ் இருப்பது இலண்டனுக்குத் தென்கிழக்கே. ஹீத்ரோ இருப்பதோ நகருக்கு மேற்கே. போகவேண்டிய திசைக்குப் புறங்காட்டி அல்லவோ பயணம் தொடங்குகிறது! நகரிலிருந்து நிலையம் செல்ல ஒரு மணி. சோதனைகளுக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி. விமானத்தில் ஒன்றேகால் மணி. மறுமுனையில் வெளியேறி நகரம் சேர ஒன்றேகால் மணி எனக் கொண்டால், ஆக மொத்தம் ஐந்து மணி. 1929ஆம் ஆண்டுப் 'பொன்னம்பு' வண்டிக்கு ஆன ஆறரை மணியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இத்தனை பெரிய வேக வளர்ச்சிக்குப் பிறகும் மிச்சமானது ஒன்றரை மணியே.

இந்த உண்மையை உணர்ந்தவர்கள் கடலுக்கு அடியில் வழி தேடினர். 1802ஆம் ஆண்டிலேயே மத்தியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் சுரங்கத் திட்டம் தீட்டினார். 1880களில் தோண்டத் தொடங்கி, பகைவர் படை அவ்வழியே புகுந்துவிடும் என்னும் அச்சத்தால் நிறுத்தினர். இறுதியில் 1990ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், இரு கரையிலிருந்தும் தோண்டி வந்த தொழிலாளர் கடலுக்கடியில் கைகுலுக்கிக்கொண்டனர். 1994ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் 50 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கம் திறக்கப்பட்டது. முதலில் இலண்டன் முதல் பாரிஸ் வரை மூன்று மணி ஆயிற்று. 2007ஆம் ஆண்டு நவம்பரில் ஆங்கில நாட்டுப் புதிய விரைவுப்பாதை முடிவுற்றதும் அது இரண்டேகால் மணியளவாகக் குறைந்தது. அவ்வழியின் நீளம் 490 கிலோமீட்டருக்கு மேல். வான்வழியைவிட ஏறத்தாழ 150 கிலோமீட்டர் மிகுதி. ஆயினும் நகர நடுவில் ஏறி நகர நடுவில் இறங்குவதால், நீண்ட வழியே விரைவில் சேர்க்கும் வழியாயிற்று. இன்று இவ்விரு நகரங்களுக்கு இடையே மட்டும் செல்வோருள் பெரும்பாலோர் வண்டியையே நாடுகின்றனர். தொலைநாடுகளுக்கு மாறிச் செல்வோர்க்கு விமானம் இன்னும் பயன்படுகிறது.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? வேகம் என்பது இயந்திரத்தின் தனிச்சொத்து அன்று. இயந்திரம் எத்துணை விரைந்தாலும், நிலத்தை அளந்து சொன்னவர் இல்லையேல் வழி தெரியாது. கடிகாரத்தை ஒத்துக்கொண்டவர் இல்லையேல் நேரம் தெரியாது. எதிரெதிரே வருவோர் ஒரு நெறிக்கு உடன்படவில்லையேல் உயிரே நிலைக்காது. இவை மூன்றும் ஒரு நாடு தனித்துச் செய்யத்தக்கவை அல்ல. நூற்றாண்டுகளாகப் போரிட்ட இரு நாட்டார் ஒருவர் விளக்கை ஒருவர் நோக்கி நின்ற அந்த 1787ஆம் ஆண்டின் இரவுகள் இல்லையேல், பின்வந்த பறப்புகளுக்கு உறுதியான படம் இல்லை. 1922ஆம் ஆண்டில் மாண்ட எழுவரை மறந்திருந்தால், பின்வந்த பயணிகளுக்குக் காவல் இல்லை.

அடுத்த முறை தேசப்படத்தில் இரண்டு ஊர்களைக் கண்டால், அளவுகோலை வைத்துத் தொலைவை மட்டும் அளந்து நின்றுவிடாதீர்கள். இவ்வழியை முதலில் கடந்தவர் யார், எவ்வளவு நேரத்தில் கடந்தார், அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்றும் கேட்டுப் பாருங்கள். அப்போது படத்திலுள்ள கோடு உங்களோடு வரலாறு பேசும்.